சின்ன நைனாவின் பாதி மொட்டை

பிச்சைக்குப் புறப்படும் பாத்திரம் வெறுமையாய்ப் போகும், நிறைந்து திரும்பும். உலக வழக்கம் அதுதான். எங்கள் சின்னம்மாவின் பித்தளைக் குண்டான் மட்டும் கனத்துப் புறப்பட்டது. நான்காவது வீட்டைத் தாண்டியதும் லேசாகிவிட்டது. அதைச் சுமந்தவள் நான். யாரை ஏமாற்றினாலும் பத்து வயது இடுப்பை ஏமாற்ற முடியாது.

அப்போது சித்தூரில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் நைனாவும் புத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அம்மாவின் தங்கை எட்டாவது தேறியவள், பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளிடம் இருந்தால் நானும் நாலெழுத்து கூடுதலாகப் படிப்பேன் என்று அனுப்பினார்கள். எனக்கு எழுத்தைவிடக் கேள்விதான் கூடுதலாக வந்தது. தவளைக்குக் காது எங்கே, ரயிலுக்கு ஏன் பின்பக்கம் விளக்கு, செத்துப்போன வக்கீலின் கட்சிக்காரன் யாரோடு பேசுவான். சின்னம்மா கடைசியில் ஒரு சட்டம் போட்டாள்: ஒரு நாளைக்கு மூன்று கேள்வி. நாலாவது கேள்விக்கு நாளைக்கு வா.

அவள் வீட்டுக்காரரை நான் சின்ன நைனா என்று கூப்பிடுவேன். கோர்ட்டில் குமாஸ்தா. அவரைப் பிடிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. எனக்கும் பிடிக்கும். மேலங்கிப் பையில் எனக்காக வேர்க்கடலை உருண்டை இருக்கும். கழித்துப் போட்ட காகிதத்தில் கப்பல் செய்து தருவார். எதிர்வீட்டு மாமிக்கு மனு எழுதிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். வக்கீல்கள் ஒவ்வொருவரும் எப்படித் தொண்டையைக் கனைப்பார்கள் என்று செய்து காட்டுவார், தெருவே சிரிக்கும். அவருடைய தலைமுடி அந்தத் தெருவின் பொதுச்சொத்து மாதிரி. நெற்றியிலிருந்து அலை அலையாகப் பின்னால் போகும் கிராப்பு, அதற்கென்று ஒரு வாசனைத் தைலம், அதற்கென்று ஒரு தந்தச் சீப்பு, காலையில் கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம்.

சின்னம்மாவுக்கு முடி கம்மி. அதுவும் இடதுபக்கம் மட்டும். காதுக்கு மேலே உள்ளங்கையளவு இடத்தில் மண்டை தெரியும். வலப்பக்கத்து முடியை இழுத்து அதன்மேல் போட்டு மூடிப் பின்னிக்கொள்வாள்.

“சின்னம்மா, அங்க மட்டும் ஏன் முடி இல்ல?”

“பொடுகுடி.”

“பொடுகுக்கு இடதுபக்கம் வலதுபக்கம் எல்லாம் தெரியுமா?”

“மூணு கேள்வி முடிஞ்சிபோச்சி. போய் வாய்ப்பாடு படி.”

அந்த வீட்டில் இன்னொரு புதிரும் உண்டு. பாத்திரங்கள் அடிக்கடி பரணிலிருந்து விழும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது சின்னம்மாவின் கன்னத்திலோ முழங்கையிலோ நாவற்பழம் நசுங்கியதுபோல் ஒரு நிறம் இருக்கும். தவலை விழுந்தது என்பாள், மறுவாரம் அண்டா விழுந்தது என்பாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணைப் பார்த்தேன். தவலையும் அண்டாவும் கல்யாணத்தில் வந்த பளபளப்போடு உட்கார்ந்திருந்தன. ஒன்றிலும் ஒரு நசுங்கல் இல்லை. இதை நாளைய கேள்விகளில் ஒன்றாக எடுத்துவைத்தேன். நாளைக்கு வேறு கேள்வி வந்துவிட்டது.

சின்னம்மா தனியாக வாசற்படி தாண்டமாட்டாள். தண்ணீருக்கு ஆள் உண்டு. கோயிலுக்குப் போனால் அவர் கூடவே போவார். அம்மா போடும் கார்டை அவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். “இன்னா பாசம் பாரு. பொண்டாட்டிய ஒரு நிமிசம் வுட்டுப் பிரியமாட்டேன்றாரு. எங்கூட்டுதும் இருக்குதே, நான் கெணத்துல வுழுந்தாலும் அப்பால வந்து பாக்கறேன்னும்.”

அந்த ஆடி மாதம் சின்ன நைனாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள். பேச்சு நின்று, கண் செருகி, நாக்கு தடித்து, போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சின்னம்மா தூங்கவில்லை. ஈரத்துணி மாற்றினாள், கஞ்சி வடித்தாள், எல்லாம் அள்ளிக் கொட்டினாள். மருந்து கொடுக்கத் தினமும் ஒரு நர்ஸம்மா வந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஆண்பிள்ளை நடை. அவள் சின்ன நைனாவின் நாடியைப் பார்த்தாள். பிறகு சின்னம்மாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, அதையும் நாடி பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். நோயாளி அவராயிற்றே, இவள் கையை ஏன் பார்க்கிறாள்? அன்றைக்கு எனக்கு இரண்டு கேள்வி மிச்சமிருந்தது. ஆனால் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு காலை, தெருவே வாசலில் கூடி நிற்க, சின்னம்மா மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: “ஏழுமலையானே, இவர எனக்குப் பொழைக்க வெச்சிக் குடு. பொரட்டாசி மாசம் சனிக்கெழமை சனிக்கெழமை உம்பேரச் சொல்லித் தெருத்தெருவா அரிசி எடுக்கறேன். கடைசிச் சனிக்கெழமை அவர இட்டுக்கினு மலையேறி, அவர் முடிய உனக்குக் குடுத்துடறேன்.”

அவர் முடியை! கூட்டத்தில் ஒருத்தி விம்மி அழுதாள். தன் முடியைத் தருகிறேன் என்று எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். சின்னம்மாவிடமோ தருவதற்கு முடி அதிகமில்லை. இருக்கிறவர் தரட்டும் என்பதில் எனக்கு ஒரு நியாயம் தெரிந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்றே தெரு அவருக்கு வேண்டுதலைச் சொல்லிவிட்டது. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தெருவில் இத்தனை பேர் காதால் கேட்ட வேண்டுதல். பெருமாளோடு வழக்காட எந்தக் குமாஸ்தாவாலும் முடியாது. “நம்ம வூட்டுப் பதிவிரதை சொல்லிட்டா, அப்பால அப்பீல் ஏது?” என்று சிரித்தார். இரண்டு வாரத்தில் பாத்திரங்கள் மறுபடி விழத் தொடங்கின.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை சின்னம்மா குளித்து, நாமம் போட்டு, மஞ்சள் சேலை கட்டி, எனக்கும் நாமம் போட்டு, குண்டானுக்கும் நாமம் போட்டாள். மற்றவர்கள் சொம்போடு போவார்கள். எங்களுடையது ஐந்துபேர் சோறு வடிக்கும் குண்டான். எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, “இன்னாடி இது, உம் பெருமாளுக்கு மட்டும் இம்மாம் பெரிய வயிறா?” என்றாள். “இவரோட உசுரு பெரிசாச்சே மாமி” என்றாள் சின்னம்மா. சின்ன நைனாவின் முகம் மலர்ந்தது.

வீட்டை விட்டு வெறும் பாத்திரம் புறப்படக் கூடாது. முதல் பிடி அரிசி சொந்த வீட்டு அரிசியாய் இருக்கவேண்டும். அன்று ஒரு பிடி போட்டாள். நானும் அவளும் கோவிந்தா என்று குரல் கொடுத்துக்கொண்டு போனோம். சின்ன நைனா இருபது அடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். ஏழு வீடு. நான்காவது வீடு நர்ஸம்மாவுடையது. கதவுக்கு மேலே சிலுவை. எனக்குப் பெருமாளை நினைத்துச் சங்கடமாய் இருந்தது. நர்ஸம்மா, “தோத்திரம்” என்று சொல்லி மூன்று பிடி அரிசி போட்டாள். சின்ன நைனாவுக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

“அவங்க ஏசுசாமி ஆச்சே, நம்ம சாமிக்கு ஏன் அரிசி போடறாங்க?” என்றேன் திரும்பும்போது.

“அரிசி எந்தச் சாமியக் கும்புடுதுன்னு அதும்கிட்ட கேட்டியா?” என்றாள் சின்னம்மா. பதிலுக்குப் பதில் கேள்வி கேட்டால் அது என் கணக்கில் சேருமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமையும் சின்ன நைனா பின்னால் வந்தார், பாதித் தெருவரைக்கும். யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், நின்றுவிட்டார். மூன்றாம் சனிக்கிழமை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அன்றைக்குத்தான் முதல் பிடி, நாலு படியாயிற்று. குண்டானைத் தூக்கி என் இடுப்பில் வைத்தபோது நான் ஒருபக்கம் சாய்ந்துபோனேன்.

“இன்னா சின்னம்மா இம்மாம் கனம்?”

“கோவிந்தா சொல்லு.”

நர்ஸம்மா வீட்டில் அன்று குண்டானை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் வாசலில் நின்று சிலுவையையும் அதில் கூடு கட்டியிருந்த குளவியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது குண்டானில் மேலாக அரிசி அதே மட்டத்துக்கு இருந்தது, அடியில் என்ன அடைத்தார்களோ. தூக்கினால் பூப்போல் இருந்தது. நான்காம் சனிக்கிழமையும் அப்படியே. கேள்விகளை நான் சேர்த்துக்கொண்டே வந்தேன், வயிறு உப்பிப்போனது.

ஐந்தாவது வாரம்தான் மலைக்குப் போவது. அதற்கு முந்தின வியாழக்கிழமை, நர்ஸம்மா வீட்டில் அரிசி பாக்கி இருக்கிறதாம் என்று சின்னம்மா ஒரு காரணம் சொல்லிக் குண்டானோடு இன்னொரு நடை கிளம்பினாள். தெருமுனையில் செருப்பு வார் அறுந்து அவள் குனிந்தாள். அந்த நேரத்தில் நான் அரிசிக்குள் கையை விட்டேன். விரலுக்கு முதலில் ஒரு காகிதச் சுருள் தட்டியது. எட்டாவது வகுப்புச் சர்ட்டிபிகேட். ராஜா தலை முத்திரையை முன்பே பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே மெத்தென்று ஏதோ. இழுத்தேன். ஒரு சட்டை. என் உள்ளங்கையளவே இருந்தது. கழுத்தில் நீல நூலால் சங்கிலித் தையல், துவைக்காத புதுத்துணி மணம். அந்த வீட்டில் குழந்தை இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சின்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபிக்கவில்லை. சட்டையை வாங்கி அரிசிக்குள் திரும்பப் புதைத்தாள், ரொம்ப மெதுவாக, தூங்குகிற பிள்ளையின்மேல் துணி போர்த்துவதுபோல்.

“யாருது சின்னம்மா?”

“பெருமாளுக்கு” என்றாள். பிறகு என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, “இனிமே மலைக்குப் போய் வர்ற வரிக்கும் எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. வாக்குக் குடு” என்றாள். கொடுத்தேன். அவளிடம் கேட்கக்கூடாது என்றுதான் வாக்கு. அந்தச் சொல்லை நான் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன், அதுதான் விபரீதமாயிற்று.

வெள்ளிக்கிழமை ரயிலேறினோம். பாகாலா வந்தது, சந்திரகிரி வந்தது. சந்திரகிரியில் வண்டி நின்றபோது சின்னம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம், அதற்குமேல் கறுநீலம், நடுவில் வெள்ளைக் கோடுபோல் ஏதோ. அந்தப் பக்கமும் ஒரு படிவழி மேலே போகிறது, பால்காரர்களும் பூக்காரர்களும் அதில்தான் ஏறுவார்கள், தூரம் பாதிதான் என்று எதிரில் இருந்த கிழவர் சொன்னார். சின்னம்மா அவரிடம் எத்தனை நாழிகை ஆகும் என்று கேட்டாள். சின்ன நைனா தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிராப்பு காற்றில் கடைசியாக அலைந்துகொண்டிருந்தது.

திருப்பதியில் அம்மாவும் நைனாவும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நர்ஸம்மா கடிதம் போட்டிருந்தாள் என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நைனாவுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் ஒரு ரகசியம் சொல்வதும் சந்தைத் தமுக்கில் சொல்வதும் ஒன்று என்று அம்மா சொல்லாமல் விட்டிருந்தாள்.

சனிக்கிழமை விடியலில் ஏறத் தொடங்கினோம். அலிபிரிப் படியில் மனிதர்கள் எறும்புச் சாரையாய், கோவிந்தா கோவிந்தா என்று மலையே மூச்சு விட்டது. மேலே மொட்டையடிக்கும் மண்டபத்தில் காலை வைக்க இடமில்லை. ஈரமும் முடியும் சந்தனமும் கலந்த ஒரு வாடை. பத்துப் பதினைந்து நாவிதர்கள் வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். சிலருக்கு முன்னால் நாலு தலை, சிலருக்கு முன்னால் ஆறு. சின்னம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போய், இருபத்தைந்து தலை காத்திருக்கும் ஒருவரிடம் நின்றாள்.

“இங்கியா? அந்தாண்ட காலியா கீதே” என்றார் சின்ன நைனா.

“இவர்தான் கைராசிக்காரராம். உங்க உசுருக்காக வேண்டிக்கினது, அவசரக் கையில குடுக்கச் சொல்றீங்களா?”

திருப்பதி நாவிதர் வேலை என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். கேட்டிருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். வந்தவர் வேறு ஆளிடம் போய்விடாமலிருக்க, உட்கார்ந்ததும் நெற்றியிலிருந்து உச்சிவரைக்கும் ஒரே ஒரு கோடு இழுத்துவிடுவார். பிறகு அடுத்த தலைக்கு ஒரு கோடு. கோடு விழுந்த தலை இனி எங்கே போகும்? எழுந்தால் ஊர் சிரிக்கும், பாதியில் விட்டால் சாமிக்குற்றம். கோடு போட்டுவிட்டு அவர் நிதானமாக முதல் தலைக்குத் திரும்புவார்.

சின்னம்மாவே தண்ணீரை அள்ளி அவர் தலையில் ஊற்றி ஊறவைத்தாள். விரல்களால் நன்றாகத் தேய்த்தாள். நாவிதர் கத்தியை வைத்தார், ஒரே இழுப்பு. அலையலையான கிராப்புக்கு நடுவே ஒரு வண்டித்தடம். நைனாவும் சும்மா இருக்கமாட்டாமல், வந்ததற்கு நானும் கொடுக்கிறேன் என்று குடுமியை அவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு கோடு. “கூர்ச்சோண்டி சாமி, வஸ்தா” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிவிட்டு நாவிதர் போய்விட்டார்.

சின்னம்மா என்னைச் சின்ன நைனாவின் எதிரில் உட்காரவைத்தாள். அவருடைய மேலங்கியையும் செருப்பையும் என் மடியில் கொடுத்தாள். என் பின்னலை எடுத்து முன்னால் போட்டு, நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். “பாதி மொட்டையில எழுந்தா பெரிய சாமிக்குத்தம். அவரு எழுந்திருக்காம நீதான் பாத்துக்கணும். உன்னத்தான் நம்பிக்கினு போறேன்” என்றாள். குளத்தில் குளித்துவிட்டு அம்மாவோடு சத்திரத்தில் இருப்பதாக அவரிடம் சொன்னாள். கூட்டம் அவளை மூடிக்கொண்டது.

இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. கண் கொட்டாமல் காவலிருந்தேன். ஒரு தலை முடிந்தது, இரண்டு முடிந்தது, ஐந்து முடிந்தது. நைனா பக்கத்து ஆளிடம் வேர்க்கடலைக்கு மழை போதாததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன நைனா இரண்டு முறை கழுத்தை நீட்டி வாசல்பக்கம் பார்த்தார்.

“எங்கடி உங்க சின்னம்மா, இன்னும் காணோம்?”

“குளத்துல குளிக்கறாங்க.”

அவர் எனக்கு வேர்க்கடலை உருண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேலங்கிப் பையில் இருந்தது. தின்றேன். வாய் இனித்தது, அவர்மேல் பிரியம் வந்தது, சேர்த்துவைத்த கேள்விகளெல்லாம் நாக்குக்கு வந்தன. சின்னம்மாவிடம்தானே கேட்கக்கூடாது?

“சின்ன நைனா, பெருமாளுக்கு எதுக்குக் கொழந்தச் சட்ட?”

“இன்னா சட்ட?”

“சின்னதா, நீல நூலு தையலு போட்டது. சின்னம்மா குண்டான்ல அரிசிக்கு அடியில வெச்சி நர்ஸம்மா வூட்ல குடுத்தாங்களே. அந்த முத்திரை போட்ட காயிதமும்.”

அவர் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மீன் திரும்புவதுபோல் உள்ளே ஏதோ திரும்பியது. எழுந்துவிட்டார்.

நான் மேலங்கியைக் கீழே போட்டுவிட்டு அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். “எழுந்திருக்கக் கூடாது! சாமிக்குத்தம்! பாதி மொட்டையில எழுந்திருக்கக் கூடாது!” மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் குனிந்து என் முடியைப் பிடித்தார். எதிரில் நின்றிருந்தார், வலக்கையால் பிடித்தார். பிடி என் இடது காதுக்கு மேலே விழுந்தது. உள்ளங்கையளவு இடம். வலி வருவதற்கு முன்னால் ஆச்சரியம் வந்தது. அந்தக் கை தடுமாறவில்லை, தேடவில்லை. போய் வந்து பழகின வீட்டுக் கதவைத் திறப்பதுபோல் நேராக அந்த இடத்துக்கு வந்தது.

“இன்னா சகலே! புள்ள மேல கை வெக்கிற?” நைனாவும் எழுந்துவிட்டார், அவரும் ஒரு கோட்டோடு. யாரோ ஒரு தெலுங்குக்கார அம்மாள், “அய்யய்யோ, அர குண்டு! அர குண்டு!” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அரை மொட்டை எழுந்துவிட்டான் என்று வரிசையில் இருந்தவர்கள் கோவிந்தா போட்டார்கள். சின்ன நைனா என் முடியை விட்டார், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். நானும் வேட்டியை விடாமல் இழுபட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் அவருடைய கோர்ட்டு சிரஸ்தார், குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலதிகாரி, பட்டுக்கரை வேட்டியோடு, மனைவி மக்களோடு, அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“ஏமய்யா, நீயா?” என்றார் சிரஸ்தார். முதலில் கண்ணைப் பார்த்தார். பிறகு அந்த வண்டித்தடத்தைப் பார்த்தார். அவருடைய சின்ன மகள் களுக்கென்று சிரித்தது. “முடிச்சிட்டு வாய்யா, இப்படியா தெருவுக்கு வருவாங்க?”

சின்ன நைனா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. எந்தத் தெருவிலும் மேலங்கி இல்லாமல் நடந்திராதவர். ஒரு கணம் வாசலைப் பார்த்தார், ஒரு கணம் சிரஸ்தாரைப் பார்த்தார். சாமிக்குப் பயந்தாரோ, சிரஸ்தாருக்குப் பயந்தாரோ, என்ன சொல்வார்களோ என்பதற்குப் பயந்தாரோ. ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவர் இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். வரிசையின் கடைசிக்குப் போய் உட்காரவேண்டியதாயிற்று. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். மேலங்கியைத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி அவர் எழுந்திருக்கவில்லை. நானும் மறுபடி கேள்வி கேட்கவில்லை.

அந்த நேரத்தில் சின்னம்மா சந்திரகிரிப் பக்கத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பால்காரர்களும் பூக்காரர்களும் ஏறும் படி. கீழே, ரயிலடியில், நர்ஸம்மா கறுப்புக் குடையோடு ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்: இரண்டு சேலை, அரிசி விற்ற காசு, ஒரு காகிதச் சுருள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு சட்டை. எந்த வண்டி, எந்த ஊர், யார் வீடு, அம்மாவுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடாம். தெரியாததை அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதல்லவா.

சின்ன நைனாவுக்கு மொட்டை முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வெளியே ஓடினார். சின்னம்மாவை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றும் வாயில் வரவில்லை. “ஏமே! ஏமே!” என்று குளக்கரையில் கூவிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வீட்டில் அதே பெயர்தான். அம்மா அவர் பின்னாலேயே போய், ஐயோ என் தங்கச்சியைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டீர்களே என்று ஊரறிய அழுதாள். அழுகை உண்மையாகத்தான் இருந்தது. அலிபிரிப் படியெல்லாம் தேடிக்கொண்டு இறங்கினோம்.

சித்தூரில் அவர் அதையே சொன்னார்: திருப்பதிக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். ஓடிப்போனாள் என்று எந்த மனுவிலும் அவர் எழுத முடியாது. எழுதினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். நர்ஸம்மாவின் வீட்டு வாசலில் ஒருநாள் போய் நின்றாராம். “தோத்திரம். சட்டையா? அரிசி வேணா போடறேன், குண்டான் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டாளாம் அவள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டார். எங்கள் ஊருக்கும் இரண்டு தடவை வந்தார், முடி கட்டை கட்டையாய் முளைத்துக்கொண்டிருந்த தலையோடு. அழுதார், சாப்பிட்டார், போனார். எனக்கு உருண்டை கொண்டுவந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. தலையின் இடதுபக்கம்தான் பின்வாங்கியது.

என்னைச் சித்தூருக்குத் திரும்ப அனுப்பவில்லை. ஊரிலேயே இருந்தேன். எனக்கோ மனதுக்குள் ஒரு குறை, ஒரு பெருமை. குறை, வாயை அடக்கமுடியாமல் குழந்தைச் சட்டையைச் சொல்லிவிட்டது. பெருமை, கொடுத்த வேலையைச் செய்து முடித்தது: அவர் எழுந்தார், நான் உட்காரவைத்தேன். சின்னம்மா வந்தால் இரண்டையும் சொல்லவேண்டும். முதலாவதற்குத் திட்டு வாங்கி, இரண்டாவதற்கு மெச்சிக்கொள்ளச் சொல்லவேண்டும். மிச்சம் இருந்த கேள்விகளையும் ஒரு நாளைக்கு மூன்றாகக் கேட்டுவிடலாம். தீபாவளிக்கு வருவாள் என்று பார்த்தேன். பொங்கலுக்கு வருவாள் என்று பார்த்தேன். வேர்க்கடலை பிடுங்குகிற நாளில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கொல்லைமேட்டில் ஏறி நின்று பார்த்தேன்.

இத்தனை நன்றாகக் காவல் காத்தவளைப் பார்க்க ஒருதரம்கூட வரவில்லையே என்று அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாகக் காத்ததால்தான் அவள் வரவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.